ழாத் என்னும் எழுத்தும் சபரகமுவத் தமிழும்

1

கேகாலை மாவட்டத்து மாவனல்லையிலும் ஹெம்மாதகமையிலும் இரத்தினபுரி மாவட்டத்துப் பலாங்கொடையிலும் வாழும் முஸ்லிம் சிறுவர்கள் குர்ஆன் ஓதப் பழகும்போது முதலில் அறபு நெடுங்கணக்கின் இருபத்தெட்டு எழுத்துக்களையும் வரிசையாக ஒலிக்கக் கற்கின்றனர். பதினான்காவது எழுத்து ஸாத். அதன் மேல் ஒரு புள்ளி இட்டால் பதினைந்தாவது எழுத்தாகிய ழாத் பிறக்கும். அவர்தம் ஊர்களை அடுத்துள்ள றப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயச் சிறுவர்கள் இவ்வெழுத்தை அறியார். ஆயினும் லயத்துக் கூரை ஒழுகுவது பற்றியோ நாட்சம்பளம் பற்றியோ அவர்களின் பெற்றோர் சங்கத்தின் வழியாக மகஜர் கையளிக்கும்போது, அதே எழுத்தைத்தான் வேறோர் உருவில் நாவிற் கொள்கின்றனர். ‘மகஜர்’ என்னும் சொல்லின் ஜகரம் அறபு மூலத்தில் ழாத் ஆகும்.

முஸ்லிம் கிராமத்தில் ரமழான், தோட்டத்தில் மகஜர். ஒன்றில் ழகரம், மற்றதில் ஜகரம். இருசாராரும் தமிழையே தாய்மொழியாகப் பேசுவோர். ஒரே மொழிக்குள் ஒரே அந்நிய எழுத்து ஏன் இருவேறு ஒலிகளாக வந்து அமைந்தது? ஒலியியல் மட்டும் இதற்கு விடை தராது. சொற்கள் தாமாக நடந்து வருவதில்லை. மனிதரே அவற்றைச் சுமந்து வருகின்றனர். யார், எந்தச் சமூக உறவின் பேரில் சுமந்து வந்தனர் என்பது சொல்லின் உருவிலேயே பதிந்துவிடுகின்றது. மொழிக்குறி வர்க்கங்களின் போராட்டக் களமாக விளங்குவது என்பதை வொலோஷினொவ் 1929 இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். சபரகமுவத் தமிழில் இவ்வுண்மையை ஓரெழுத்தின் அளவிலேயே கண்டுகொள்ளலாம்.

2

அறபியர் தம் மொழியை ‘ழாத்தின் மொழி’ என்றே பெருமையுடன் அழைப்பர். வேறெம்மொழியினர்க்கும் இவ்வொலி வாராது என்பது அவர்களின் நம்பிக்கை. கி.பி. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண ஆசிரியர் சீபவைஹி, நாவின் பக்கம் கடைவாய்ப் பற்களை அடுத்து நிற்க எழும் ஒலியென இதன் பிறப்பை வகுத்துரைத்தார். அஃதாவது லகர ளகரங்களைப் போல நாவின் மருங்கு வழியே காற்று வெளிப்படும் ஒலியாகவே அது அன்று கருதப்பட்டது. பிற்கால அறபில் இத்தன்மை பெரும்பாலும் மறைந்து அழுத்தமான தகரம் போன்றதோர் ஒலி வழக்குப் பெற்றது.

மறைந்த அவ்வொலியின் தடங்கள் கடன்கொண்ட மொழிகளில் எஞ்சியுள்ளன. கடமை என்னும் பொருளுடைய ‘பர்ழ்’ மலாய் மொழியில் ‘பெர்லு’ ஆயிற்று; மனநிறைவு, இசைவு என்னும் பொருளுடைய ‘ரிழா’ ‘ரெலா’ ஆயிற்று. மேற்கே ஸ்பானிய மொழியில் ‘அல்காழீ’ என்னும் நீதிபதியின் பெயர் ‘அல்கால்தே’ என நகரத் தலைவருக்குரியதாயிற்று. தமிழ் முஸ்லிம்களிடம் வழங்கும் ரமழான், பர்ளு, வுழூ, கழா, காழி என்பனவும் பேச்சு வழக்கின் ‘ஒளு’வும் இதே வரிசையைச் சேர்ந்தவை. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் பள்ளிவாசல் நீர்த்தொட்டி ‘ஹவ்ழ்’. மக்கள் நாவில் அது ‘ஹவுள்’. மலாயாவிலும் தமிழகக் கரையிலும் இலங்கையிலும் ழாத் லகர ளகர ழகரங்களின் பக்கம் சாய்ந்திருப்பது இந்துமாக்கடலின் வணிகப் பாதையை நினைவூட்டுகின்றது.

இதற்கு மாறாகப் பாரசீகரின் நாவில் ழாத் வெறும் ‘ஸ’ ஓசையாக, ஆங்கிலேயர் ‘இஸட்’ என்னும் எழுத்தால் குறிக்கும் ஒலியாக மாறியது. பாரசீகத்தை அரசமொழியாகக் கொண்ட வட இந்தியாவிலும் அவ்வாறே வழங்கியது. அவ்வோசையும் தமிழில் இல்லாமையால் இங்கு அது ஜகரமாயிற்று. ரமழான் வடக்கிலிருந்து தரைவழியாக வந்தபோது ரம்ஜான் ஆனது இவ்வாறேயாம்.

3

முதலாவது வழி கடல்வழி. வணிகமும் சமயமும் திறந்த வழி. சபரகமுவ அதற்குப் புறத்தேயுள்ள மலைநாடு அன்று. முதல் மனிதர் ஆதமின் அடிச்சுவடு பதிந்த இடமென முஸ்லிம்கள் நம்பும் பாவாதமலை இம்மாகாணத்தின் எல்லையிலேயே எழுந்து நிற்கின்றது. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா அம்மலையை நாடிச் சென்றதையும் இந்நாட்டு மாணிக்கங்களையும் தம் பயண நூலிற் பதிவு செய்துள்ளார். கண்டி இராச்சியத்தில் ‘மடிகே பத்த’ என்னும் போக்குவரத்துப் பகுதியில் முஸ்லிம்கள் முக்கிய இடம் பெற்றனர். தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டி, கரையிலிருந்து உப்பையும் துணியையும் மலைக்கும், மலையிலிருந்து பாக்கையும் வாசனைப் பொருள்களையும் கரைக்கும் அவர்கள் கொண்டு சென்றனர். சிங்களக் கிராமங்களின் நடுவே வாழ்ந்தும் தமிழை அவர்கள் கைவிட்டாரல்லர்.

இவ்வழியில் வந்த அறபுச் சொற்கள் தமிழை ஒதுக்கிவிட்டு அதன் இடத்திற் குடியேறவில்லை என்பது மனங்கொளத்தக்கது. சமயத்தின் நடுநாயகமான செயல்களுக்கே தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் எனத் தமிழ்ப் பெயர்கள் வழங்குகின்றன. நோன்பு தமிழ், அது நிகழும் மாதம் ரமழான். தமிழொலிகளுக்கென எழுத்துக்களை மாற்றியமைத்துக்கொண்ட அறபுத் தமிழ் எழுத்துமுறையும், மசலா, கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா என ம. மு. உவைஸ் போன்றோர் விரிவாக எடுத்துக்காட்டிய இலக்கிய வகைகளும் அந்த ஒன்றுகலப்பின் விளைபொருள்களே. அரச ஆணை எதுவும் இவற்றைத் திணிக்கவில்லை. வணிகரும் ஓதுவிப்போரும் வீட்டுப் பெண்களும் நாள்தோறும் பயன்படுத்தியமையாலேயே ழாத் தமிழரின் ழகரத்தோடு உறவு கொண்டது.

4

இரண்டாவது வழி தரைவழி. அரசும் வரியும் வகுத்த வழி. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியிலும், அவ்வாட்சியின் வருவாய் இயந்திரத்தைக் கையேற்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியிலும் பாரசீகமயமான நிருவாகச் சொற்கள் தமிழகக் கிராமங்களுக்குள் இறங்கின. அவற்றுள் ழாத்தை உடைய சிலவற்றை நோக்குவோம். விலாவெலும்பு, பக்கம் என்று பொருள்படும் ‘ழில்உ’ நாட்டின் ஒரு பகுதியைக் குறித்து ஜில்லா ஆயிற்று. பொறுப்பேற்பவன் எனப் பொருள்படும் ‘ழாமின்’ ஜாமீன் ஆயிற்று. பிடித்து வைத்தலைச் சுட்டும் ‘ழப்த்’ ஜப்தி ஆயிற்று. இசைந்தவன் என்னும் ‘ராழீ’ ராஜி ஆகி, பத்திரம் எனப் பொருள்படும் பாரசீக நாமாவுடன் சேர்ந்து இராஜிநாமா ஆயிற்று. முஸ்லிம் புலவரிடத்து ஓர் இலக்கிய வகைக்குப் பெயரான அதே நாமா, இங்கு அலுவலகத்தாளாக உருமாறி நிற்பது காண்க.

ஜகரத்தைக் கண்டவிடமெல்லாம் ழாத் எனக் கொள்ளலாகாது. ஜாமீனில் உள்ளது ழாத். ஜமீனில் உள்ளதோ நிலம் என்னும் பாரசீகச் சொல். மூலத்தில் வேறான எழுத்துக்கள் தமிழ்க் குடியானவனின் செவியில் ஒன்றாகிவிட்டன. அவனைப் பொறுத்தவரை அவை அனைத்தும் ஒரே திசையிலிருந்து, மேலிருந்து, வந்த சொற்களே.

இலங்கை நவாபு ஆட்சிக்கு உட்பட்டதன்று. இங்கு நீதிமன்றத்தின் பழைய சொற்களிற் கரையோர ஆட்சியாளரின் முத்திரையே காணப்படுகின்றது: பிரக்கிராசி போர்த்துக்கேயர் வழியது, நொத்தாரிசு ஒல்லாந்தர் வழியது. ஜில்லாவும் ஜப்தியும் இங்கு வேரூன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் றப்பருக்குமாகத் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோர் அச்சொற்கள் ஆட்சி செய்த கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் நிலமற்றோர், சாதியால் ஒடுக்கப்பட்டோர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும்பஞ்சம் அவ்வோட்டத்தை மேலும் விரைவாக்கியது. கேகாலையும் இரத்தினபுரியும் இணைந்து 1889 இல் சபரகமுவ மாகாணமாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தாழ்ந்த மலைச்சரிவுகள் றப்பர்க் காடுகளாயின.

தோட்டம் தனக்கெனச் சில சொற்களைப் படைத்தது: பிரட்டு, பேர், அரைப்பேர், துண்டு. கடன் தீராத தொழிலாளியைக் கங்காணிக்குக் கங்காணி கைமாற்றிய துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சொல்லோ நினைவில் எஞ்சியது. பிற்காலத்தில் பத்திரிகைகளும் தொழிற்சங்கங்களும் வளர்ந்தபோது, தரைவழிச் சொற்களுட் சில இங்கும் நிலைத்தன. அவற்றுள் இரண்டு நம் கவனத்துக்குரியவை: ஆஜர், மகஜர்.

5

அறபில் ஒரு சொற்குடும்பம் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து கிளைக்கும். ஹகரம், ழாத், ரகரம் என்னும் மூன்றும் சேர்ந்த வேருக்கு ‘முன்னிலையில் இருத்தல்’ என்பது பொருள். அதிலிருந்து ‘ஹாழிர்’, அதாவது முன்னிலையில் இருப்பவன், பிறந்தது. அதுவே நம் ஆஜர். ‘ஹழ்ரத்’, முன்னிலை என்னும் பொருளிலிருந்து பெரியோரை மதித்து விளிக்கும் சொல்லாயிற்று. மதரசா ஆசிரியரை நம் முஸ்லிம்கள் ஹஸ்ரத் என விளிப்பது வட இந்தியக் கல்வித் தொடர்பின் வழியே வந்த வடிவம். கடல்வழியும் தரைவழியும் ஒன்றையொன்று தொடாத இரு கோடுகள் அல்ல என்பதை இது காட்டும். அதே வேரிலிருந்து பிறந்த ‘மஹ்ழர்’, முன்னிலையிலிருந்தோர் சான்றாக ஒப்பமிட்ட பத்திரம், அதுவே மகஜர்.

மொகலாய அரசில் மகஜர் மேலோரின் கருவி. 1579 இல் அக்பரின் அவையில் மார்க்க அறிஞர்கள் ஒப்பமிட்ட புகழ்பெற்ற மகஜர், சமயக் கருத்து வேறுபாடுகளில் முடிவு கூறும் அதிகாரத்தைப் பேரரசருக்கு அளித்தது. முன்னிலையில் இருந்தவர்கள் பிரதானிகள், பயன்பெற்றவர் அரசர். சபரகமுவத் தோட்டத்திலோ ஒப்பமிடுவோர் பால்வெட்டும் தொழிலாளரும் கொழுந்து பறிக்கும் பெண்களும் ஆவர். எழுத அறியாதார் பெருவிரலைப் பதித்தனர். சொல் மாறவில்லை, அதைக் கையில் ஏந்திய வர்க்கம் மாறியது. மேலிருந்து வந்த சொல் கீழிருந்து திருப்பி அனுப்பப்பட்டது.

இவ்வேரின் பொருள் தோட்ட வரலாற்றில் இன்னும் ஆழமானது. தொழிலாளி நாள்தோறும் வைகறையிற் பிரட்டுக்களத்தில் நின்றாக வேண்டும். நின்றாற்றான் வேலை, வேலை முடித்தாற்றான் பேர், பேர் விழுந்தாற்றான் கூலி. அவரின் முன்னிலை ஒவ்வொரு நாளும் செக்றோலில் எழுதப்பட்டது. இவ்வாறிருக்க, 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவ வேண்டுமெனக் கேட்டது. தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு காலையிலும் ஆஜரானவர்களைப் பார்த்து, நீங்கள் இங்கு இருந்தீர்கள் என்பதற்குச் சான்று எங்கே என அரசு வினவியது. உழைப்பைக் கறக்கும் ஏட்டில் இருந்த பெயர் உரிமை வழங்கும் ஏட்டில் இல்லாது போயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இராஜி என்பதன் மூலப்பொருள் இசைவு. இவ்விரு இராஜிகளிலும் பங்கிடப்பட்டோரின் இசைவு கேட்கப்படவில்லை. இப்பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வரை நீண்டது.

6

ஒரே எழுத்து இருவர் நாவிலும் உண்டு என்பதனால் அவ்விருவரும் முரண்பாடின்றி வாழ்ந்தனர் எனக் கூறுவது வரலாறாகாது. தோட்டத்தை அண்டிய கடைகள் பலவற்றை நடத்தியோர் முஸ்லிம்கள். அங்குப் பற்றெழுதி அரிசி வாங்கியோர் தொழிலாளர். கடனுக்கு அறபியர் வழங்கும் ‘கர்ழ்’ என்னும் சொல்லின் ஈற்றிலும் ழாத்தே உள்ளது. வட்டியில்லாக் கடனை ‘கர்ழு ஹஸன்’, அழகிய கடன், என இஸ்லாம் போற்றுகின்றது. ஆயினும் சம்பள நாளில் அறநூலன்று, கடையின் கணக்குக் கொப்பியே பேசியது. சிறுவணிகரையும் கூலித் தொழிலாளரையும் ஒரே நிலையில் வைத்து நோக்குதல் இயலாது. எனினும் அவர்களைப் பிணித்த கடனும் அதைப் பேசித் தீர்த்த மொழியும் பொது என்பதையும் மறத்தலாகாது.

இன்று இரு தூய்மைவாதங்கள் இப்பொது மொழியை இரு புறத்திருந்தும் அரிக்கின்றன. ஒன்று, ஜகரம் கண்ட சொல்லை எல்லாம் அந்நியம் எனத் தள்ளுவது. மற்றது, மூதாதையர் நாவிற் பழுத்த ரமழானையும் ஒளுவையும் கொச்சை என நாணி, இன்றைய அறபுநாட்டு உச்சரிப்பைத் தேடுவது. முன்னது தொழிலாளியின் வரலாற்றை அழிக்கும். பின்னது முஸ்லிம் கிராமத்தின் தமிழ் வரலாற்றை அழிக்கும். எட்டாம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர் வகுத்த ஒலிக்குக் கொச்சை எனப்பட்ட அந்த ழகரமே சிலவேளை அணுக்கமாக நிற்பது இத்தூய்மையின் நகைப்புக்கிடமான முடிவு.

1981 ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டு லயங்களை விட்டு ஓடினர். 2001 மே மாதத்தில் மாவனல்லையில் முஸ்லிம்களின் கடைகள் எரிக்கப்பட்டன. இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே மாகாணத்தில் நிகழ்ந்த இவ்விரு கொடுமைகளும் பெரும்பாலும் தனித்தனியாகவே நினைவு கூரப்படுகின்றன. ரமழானை ஒரு சமயத்தாரின் சொல்லாகவும் மகஜரை ஒரு தொழிலாளர் கூட்டத்தின் சொல்லாகவும் தனித்தனியே வைக்கும் அதே பழக்கமே இதற்கும் காரணம். பல்கலைக்கழகங்களிலே தமிழ் பயில்வோர் தோட்ட வழக்கையும் முஸ்லிம் வழக்கையும் கிளைமொழி ஆராய்ச்சியின் இரு தனி இயல்களாக வைப்பதோடு அமையாது, அவற்றை ஒரே சமூக வரலாற்றின் சான்றுகளாகச் சேர்த்துப் படித்தல் வேண்டும். அத்தகைய படிப்பை ஓர் எழுத்திலிருந்தே தொடங்கலாம்.