பட்டும் நீரும் உப்பும்

ஆரணி என்றதும் நம் இல்லத்துப் பெண்களின் நினைவுக்கு வருவது பட்டு. வரலாறு பயின்றோருக்கு அவ்வூர்க் கோட்டையும் நினைவுக்கு வரும். 1751-ஆம் ஆண்டில் சந்தா சாகிபின் மைந்தர் ரசா சாகிபின் படையை ராபர்ட் கிளைவ் முறியடித்தது இங்கேதான். 1782-இல் ஹைதர் அலீயின் படையும் அயர் கூட்டின் படையும் மோதியதும் இவ்வூரின் புறத்தேதான். போர்களைப் பற்றிப் புத்தகங்கள் பல உள்ளன, அவற்றை விட்டுவிடுவோம். ஈண்டு நாம் பேசப் புகுவது தண்ணீரைப் பற்றி.

பட்டு தறியில் ஏறுமுன் தண்ணீரில் இறங்கியாக வேண்டும். புழு தன் கூட்டைக் கட்டும்போது இழையின்மீது ஒரு பிசினைப் பூசிவிடுகிறது. கச்சாப் பட்டின் எடையில் 100-க்கு 20 முதல் 25 பங்கு இப்பிசினே. அது போகாதவரை பட்டு சொரசொரப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். சாயமும் சீராக ஏறாது. ஆகவே சவுக்காரமும் சலவைச் சோடாவும் கலந்த நீரில், கொதிநிலையை ஒட்டிய சூட்டில் இழையை வேகவைக்கிறார்கள். பிசின் கரைந்து நீரோடு போகிறது. பட்டின் ஒளி வெளிப்படுகிறது. சோடா மிகுந்தாலோ இழையே நைந்துவிடும். அளவறிந்த கைகளுக்கே அது வசப்படும்.

ஆயினும், கை எத்துணைத் தேர்ந்ததாயினும் தண்ணீர் ஒத்துழைக்க வேண்டும். சில கிணற்று நீரில் சவுக்காரம் நுரைப்பதே இல்லை. தயிர் திரிந்தாற்போல வெண்ணிறத் திரிகள் மிதக்கும். அவை இழையில் ஒட்டிக்கொண்டால் பின்னர் எந்தச் சாயமிட்டாலும் திட்டுத்திட்டாகவே பிடிக்கும். ஒரு கூறைப்புடவைக்கான பாவு முழுவதும் இவ்வாறு பாழாவது எளிய நட்டமன்று. பட்டு நெசவூர்கள் பலவற்றிலும் ‘எங்கள் ஊர்த் தண்ணீரின் வாகு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது வெறும் ஊர்ப்பற்று என்று தள்ளிவிடத் தக்கதன்று. அதில் இரசாயனமும் இருக்கிறது.

நீரின் மூலக்கூறு ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. அவை நேர்கோட்டில் நில்லாமல் வளைந்து நிற்பதால் ஆக்சிஜன் பக்கம் சிறிது எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் கொள்கின்றன. இந்த ஒரு வளைவினால்தான் நீர் தான் தொடும் உப்புகளின் துகள்களைப் பற்றி இழுத்துப் பிரித்துத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. வானிலிருந்து விழும் மழை ஏறத்தாழத் தூய்மையானது. அது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிது கவர்ந்துகொண்டு, பாறையினூடும் சுக்கான்கல்லினூடும் இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. அதனைத்தான் கடின நீர் என்கிறோம். ஜவ்வாது மலையில் தோன்றி ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதியில் வெள்ளம் வரும்போது உள்ள நீரும், கோடையில் ஆழ்கிணற்றிலிருந்து இறைக்கும் நீரும் ஒன்றல்ல என்பதன் காரணம் இதுவே.

கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் 100 லிட்டர் எடுத்துக்கொண்டால், அழுக்கையோ பிசினையோ தொடுவதற்கு முன்பே அது ஏறத்தாழ 180 கிராம் சவுக்காரத்தைத் திரியாக்கி விழுங்கிவிடும். அதன் பிறகே நுரை எழும்.

இதற்கு மருந்தும் பழமையானதே. நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர் வெள்ளாவிக்கு உவர்மண்ணைப் பயன்படுத்திய காலம் ஒன்றிருந்தது. அம்மண்ணில் இருப்பது சோடாவே. சோடா நீரிலுள்ள சுண்ணாம்பைத் திரட்டிக் கீழே தள்ளிவிடும். அராபியர் உவர்நிலச் செடிகளை எரித்து அச்சாம்பலிலிருந்து இதே பொருளை எடுத்தனர். அதற்கு அவர்கள் இட்ட ‘அல்கலீ’ என்னும் பெயரே ‘அல்கலி’ என்று இன்றும் உலகத்து இரசாயன நூல்களில் வழங்குகிறது. 1841-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் ஒரு விந்தையான முறைக்கு உரிமம் பெற்றார். நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைப் போக்க, அதில் மேலும் சுண்ணாம்பையே சேர்ப்பது அம்முறை! சேர்த்த சுண்ணாம்பு கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் கரையாப் பொருளாகிப் படிந்துவிடுகின்றன. கொதிக்க வைத்தாலும் இவ்வகைக் கடினம் நீங்கும். நம் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளை ஓடு அதுதான்.

இங்கே நம் முன்னோரின் அறிவு ஒன்றை நினைவுகூர்தல் தகும். நீரின் தூய்மையை அறிய ஷரீஅத் நமக்குக் கற்பிக்கும் அடையாளங்கள் மூன்று: நிறம், சுவை, மணம். இரண்டு குல்லத்துக்குக் குறையாத நீரில், அஃதாவது ஏறத்தாழ 200 லிட்டர் நீரில், நஜீஸ் விழுந்து இம்மூன்றில் ஒன்று மாறினால் அது அசுத்தமாகும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். பள்ளிவாசல் ஹவ்ளின் அளவை நம் பெரியோர் கவனித்துக் கட்டியது இதனாலேயே. வணக்கத்திற்குரிய தூய்மைக்கு இவ்வளவு போதும். கடல்நீரும் தூய்மையானதே, அதில் ஒளூச் செய்யலாம். ஆனால் கடல்நீரைக் குடிக்க முடியாது. அதைக் கொண்டு நெல் விளைவிக்கவும் முடியாது. தொழுகைக்குத் தூய்மை வேறு, உடலுக்கும் பயிருக்கும் ஏற்ற தன்மை வேறு என்பதை நம் மருத்துவ மேதைகள் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் இரண்டு நீர்களில் எது சிறந்தது என அறிய ஒரு வழி கூறுகிறார். ஒரே எடையுள்ள இரண்டு துணித் துண்டுகளை, அல்லது பஞ்சுகளை, அந்நீர்களில் நனைத்து நன்றாகக் காயவைத்து எடை பார்க்க வேண்டும். எந்தத் துணி இலேசாக இருக்கிறதோ அதற்குரிய நீரே சிறந்தது என்கிறார். எத்துணை எளிய சோதனை! நீர் ஆவியாகிப் போய்விட, அதில் கரைந்திருந்த உப்புகள் மட்டும் துணியில் தங்கிவிடுகின்றன. இன்று ஆய்வுக்கூடங்களில் கிண்ணத்தில் நீரை வற்றவைத்து, எஞ்சியதை நிறுத்து, ‘மொத்தக் கரைபொருள்’ என்று எழுதுகிறார்களே, அதன் மூலக்கருத்து இதுதான். குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு வழியில்லாதபோது 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இப்னு சீனாவுக்குப் பின் மர்வு நகரில் வாழ்ந்த அல்காஸினீ, 1121-ஐ ஒட்டி எழுதிய ‘மீஸானுல் ஹிக்மா’வில் நன்னீர், வெந்நீர், கடல்நீர் ஆகியவற்றின் எடை வேறுபாடுகளையே அட்டவணையிட்டுக் காட்டினார். கண்ணும் நாவும் மூக்கும் உணராததைத் துலாக்கோல் உணர்ந்தது.

கெட்ட நீரைத் திருத்த இப்னு சீனா கூறும் வழிகளில் வடித்திறக்குவதும் காய்ச்சுவதும் உண்டு. இவை எல்லா நீருக்கும் ஒன்றுபோல் பயன்படுமா? இங்கேதான் நீரின் குணம் நம்மைச் சோதிக்கிறது.

நீரில் சேறு கலங்கியிருந்தால் கவலையில்லை. சேற்றின் நுண்துகள்கள் எதிர்மின் ஏறி ஒன்றையொன்று விலக்குவதால்தான் படியாமல் மிதக்கின்றன. படிகாரத்தைக் கலக்கினால் அதிலுள்ள அலுமினியம் அவ்விலக்கத்தைத் தணித்து அவற்றைத் திரட்டிவிடும். நம் பாட்டிமார் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இப்பயன் கருதியே. பட்டு வெந்த நீரிலுள்ள பிசினும் அவ்வாறே தீரக்கூடியது. அது ஒரு புரதம். கிருமிகள் அதைத் தின்று செரித்துவிடும். ஆனால் நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் தன்னுள் 8 மில்லிகிராம் அளவுக்கே பிராணவாயுவைத் தாங்கும். அது தீர்ந்தால் நீர் நாறும். எனவே காற்றை ஊதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. கடினம் சோடாவுக்கு அடங்கும். மூவிணைதிறக் குரோமியம் சுண்ணாம்புக்கு அடங்கிப் படியும். சமையல் உப்போ எதற்கும் அடங்காது. சோடிய உப்புகள் அனேகமாக எல்லாமே நீரில் கரைவன. எதைச் சேர்த்து அதைப் படிய வைப்பது? படிகாரமும் சுண்ணாம்பும் கிருமியும் அதனிடம் தோற்றுப்போகும்.

இவ்வுண்மையை ஏட்டில் படிக்க வேண்டியதில்லை. ஆரணிக்கு வடக்கே பாலாற்றங்கரைக்குச் சென்றால் போதும். கமண்டல நாகநதி செய்யாற்றில் கலந்து, செய்யாறு திருமுக்கூடலருகே பாலாற்றில் கலக்கிறது. அதற்கு மேலே, பாலாற்றின் வழியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக உள்ளன. பட்டைப் போலவே தோலும் தண்ணீரில் பிறக்கும் சரக்கு. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகும்.

தோல் வணிகம் நம் சமுதாயத்துக்கு ஈந்தது கொஞ்சமன்று. 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தபோது அவ்வூரின் செல்வம் தோலிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மத்ரஸாக்களும் பள்ளிவாசல்களும் மருத்துவ உதவிகளும் அவ்வருவாயில் நடந்தன, நடக்கின்றன. தோலைப் பதனிடுதல் அதனைத் தூய்மையாக்கும் என்பது ஹதீஸ் வழி வந்த சட்டம். ஆகவே அத்தொழில் மார்க்கத்திலும் மதிப்புக்குரியது. இவற்றையெல்லாம் நன்றியோடு சொல்லிவிட்டே அடுத்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டு அனுப்புவர். பதனிடுமுன் ஊறவைக்கும் முதல் நீரிலேயே அவ்வுப்பு முழுதும் இறங்கிவிடும். ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலத்திலும் இது இருந்தது. 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி முழுமையாகப் பதனிட்ட தோலை ஊக்குவித்தபின், குரோமிய முறை பெருகியது, இரசாயனங்களும் பெருகின. குரோமியத்தைப் பற்றியே எல்லோரும் பேசினர். அது அஞ்சத்தக்கதுதான், ஐயமில்லை. ஆனால் கிணறுகளைக் கொன்றது பெரும்பாலும் நாம் நாள்தோறும் சோற்றில் இடும் உப்பே. சோடியம் களிமண்ணில் சேர்ந்தால் மண் ஊதி, அதன் துளைகள் அடைபட்டு, நீர் இறங்காமல் வேர் மூச்சுத் திணறும். தென்னை காய்ப்பு ஓயும், நெல் கருகும்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதென்ற ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியதும் இத்தீர்ப்பினால்தான். பத்திரிகைகள் அதனைப் புதுமை என்று எழுதின. நமக்கு அது புதுமையா? ‘லா ளரர வலா ளிரார’ – தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு புரியவும் கூடாது – என்ற நபிமொழியை நம் மத்ரஸா மாணவர் மனப்பாடமாக அறிவர். ஒருவர் கிணற்றைச் சுற்றி ‘ஹரீம்’ எனும் காப்பு எல்லை உண்டென்றும், அதனுள் அக்கிணற்றுக்குக் கேடு விளைப்பது ஆகாதென்றும் பிக்ஹு நூல்கள் விதிக்கின்றன. பாலாற்றங்கரையில் பாழான கிணறுகளில் நம்மவருடையவும் உண்டு, பிற சமயத்தாருடையவும் உண்டு. உப்பு சமயம் பார்த்துப் பரவுவதில்லை.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. குரோமியம் படிந்தது, நாற்றம் தணிந்தது, நீர் தெளிந்தது. நிறம் பார்த்தால் குறையில்லை. இப்னு சீனாவின் துணியை அதில் நனைத்துக் காயவைத்திருந்தால் உண்மை புலப்பட்டிருக்கும்! உப்பு முழுதும் அப்படியே இருந்தது. பின்னரே எதிர்ச் சவ்வூடு பரவல் முறை வந்தது. 1960-ஐ ஒட்டி, கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பாரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் அவர்களும் செய்துகாட்டிய சவ்வே இதன் தாய். பேரழுத்தத்தில் நீர் சவ்வைக் கடக்கும்; உப்பு நின்றுவிடும். அப்படி நின்ற உப்பும் மறைவதில்லை, செறிந்த உவர்நீராக எஞ்சுகிறது. அதை வற்றவைத்தாக வேண்டும். ஒரு கிராம் நீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற ஏறத்தாழ 75 கலோரி போதும். அதை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். விறகானாலும் மின்சாரமானாலும் இக்கணக்கிலிருந்து தப்ப முடியாது. பதனிடும் தொழிலில் சிறு முதலாளிகள் தள்ளாடுவது பெரும்பாலும் இந்த 540-ஆல்தான்.

ஊறவைக்குமுன் தோலை உதறி, ஒட்டியுள்ள உப்பை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிடும் முறை ஒன்றுண்டு. அதற்குச் சவ்வும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். ஒரு மரச்சட்டமும் கூலியாளும் போதும். நீருக்குள் புகாத உப்பை நீரிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை அல்லவா?

பாலாற்று வழக்கு அத்தோடு ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைத்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டை வழங்கி அதனை மாசு செய்தோரிடம் வசூலிக்கும்படி அரசுக்கு ஆணையிட்டது. மேற்பார்வைக்கு ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். அக்காலத்தில் எத்தனையோ மழை பெய்து, அவ்வூர்க் கிணறுகளில் இறங்கி, உப்போடு மீண்டும் மேலே வந்திருக்கிறது.