கள்ளிப்பழத்தின் சிவப்பு

ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர் வட்டாரத்தில், கடனாநதிப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களின் ஓரங்களில் சப்பாத்திக்கள்ளியைக் காணலாம். அதன் பழத்தைத் தின்று, நாக்கும் உதடும் சிவந்து, உம்மாவிடம் அகப்பட்டுக்கொள்ளாத பிள்ளைகள் நம் ஊர்ப்பக்கம் குறைவு. இதை நம் மண்ணின் செடி என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இஃது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

இதன் வரலாற்றில் பழத்தைவிடப் பூச்சிக்கே பங்கு அதிகம். கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்தினால் உயர்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின் அதில் பெரும்பொருள் ஈட்டியது. அதைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் முயற்சியால் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைந்தது. 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்ததோ மட்டமான இனம். சாயம் கைகூடவில்லை, ஆனால் அப்பூச்சி ஒருவகைக் கள்ளியைக் காடுகாடாக அழித்தது. எஞ்சிய வேறொரு வகை தென்னாட்டு நிலங்களை அடைத்துக்கொள்ளவே, 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனத்தை வேண்டுமென்றே தருவித்தனர். சில ஆண்டுகளில் கள்ளிப் புதர்கள் பெருமளவு மடிந்தன. இன்று நாம் காண்பது அதற்குத் தப்பியவற்றின் வழித்தோன்றலே.

அந்தச் சாயம் இன்றும் நம் வீடுகளுக்குள் வருகிறது. வெளிநாட்டு மிட்டாய் உறைகளில் ‘கார்மைன்’ என்றோ ‘இ 120’ என்றோ இருப்பது அதுவே. வெட்டுக்கிளி நீங்கலாகப் பூச்சிகளை உண்ண ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகள் பொதுவாக இடம் தருவதில்லை. மாலிகி மத்ஹபில் இடமுண்டு. ஷாஃபிகள் மிகுந்த இந்தோனேசியாவின் உலமா சபையோ 2011இல் இச்சாயத்தை ஆகுமென்றது. தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. பழத்தின் சிவப்பில் இந்த ஐயத்துக்கு இடமில்லை; அது செடியின் சொந்த நிறம்.

பறிப்பதில்தான் கவனம் வேண்டும். நுனி பிளந்த குச்சியால் பழத்தைக் கவ்வித் திருகி எடுக்க வேண்டும்; வெறுங்கை ஆகாது. கண்ணுக்குத் தெரியாத பூமுட்கள் தோலில் ஏறினால் நாள்கணக்கில் உறுத்தும். சொரசொரப்பான கல்லிலோ மணலிலோ உருட்டித் தேய்த்துக் கழுவி, தோலைக் கீறி உரிக்க வேண்டும். நடுவே நட்சத்திரம்போல் இருக்கும் முள்ளை எடுக்காமல் பிள்ளைகளிடம் கொடுக்கலாகாது, தொண்டையில் தைக்கும். விதை கடினமானது, நிறையத் தின்றால் வயிறு கட்டும். பிசைந்து துணியில் வடித்து, எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்தால் இஃப்தாருக்கு நல்ல சர்பத்.

மட்டையில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால், குச்சியால் நசுக்கிப் பாருங்கள். இரத்தம்போல் சிவப்பு கசிந்தால் அது கொச்சினீல் பூச்சி. அச்செடியின் பழத்தை விட்டுவிட்டு அடுத்த புதருக்குச் செல்லலாம்.