காளான் அறுவடைக்குப் பின் எஞ்சும் வைக்கோலை மாட்டுத் தீவனமாக்கலாம்

நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம் மட்டுமே உள்ளது. இதன் நார்ச்சத்தை லிக்னின் என்ற கடினமான பொருள் பிணைத்திருப்பதால், மாடுகளால் முழுமையாகச் செரிக்க முடிவதில்லை. சிப்பிக் காளானின் பூசண இழைகள் இந்த லிக்னினைச் சிதைப்பதால் வைக்கோல் மென்மையாகிறது. புரதமும் சற்று கூடுகிறது.

காளான் வளர வைக்கோலின் சத்தில் ஒரு பகுதி செலவாகி, எடை குறைந்துவிடும். எனவே தீவனத்துக்காக மட்டும் படுக்கை போடுவது கட்டுப்படியாகாது. காளான் விற்பவர்களுக்கு இது கூடுதல் பயன்.

எதைத் தரலாம்?

* வெந்நீரில் அல்லது நீராவியில் தொற்று நீக்கிய வைக்கோலை மட்டும் தரலாம். கார்பெண்டசிம், ஃபார்மலின் கலந்த நீரில் ஊறவைத்ததையும், பூச்சிமருந்து தெளித்த படுக்கையையும் தரக்கூடாது.
* படுக்கை வெண்மையாக, காளான் மணத்துடன் இருக்க வேண்டும். பச்சை, கறுப்புப் பூசணமோ துர்நாற்றமோ இருந்தால் முழுப் படுக்கையையும் ஒதுக்கவும். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி நீக்கினால் போதாது.

தரும் முறை

* கடைசி அறுவடை முடிந்ததும் பாலித்தீன் பை, கயிறு ஆகியவற்றை முழுவதும் அகற்றவும். இவற்றை விழுங்கினால் மாட்டின் வயிற்றிலேயே தங்கிவிடும்.
* உதிர்த்து, வெயிலில் நன்கு காயவைக்கவும்.
* முதல் நாள் ஒரு கைப்பிடி மட்டும் கலந்து கொடுத்து, ஒரு வாரம் முதல் 10 நாட்களில் படிப்படியாகக் கூட்டவும்.
* உலர்தீவனத்தில் ஒரு பகுதியாக மட்டுமே தரவும். பசுந்தீவனம், அடர்தீவனம், தாது உப்புக் கலவையை நிறுத்த வேண்டாம்.
* அசைபோடத் தொடங்காத இளங்கன்றுகளுக்குத் தர வேண்டாம்.

மாடு தீவனம் எடுக்க மறுத்தாலோ, கழிந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரை அணுகவும்.