பாதத்தில் பிறந்தவர் யார்?

பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் நால்வருணத் தோற்றத்தைப் பற்றிய பாடத்தை முடித்தேன். நம் சேரி மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த நால்வரில் நம்மவர் இல்லையே! நாம் எந்த உறுப்பில் பிறந்தோம்?" என்று வினவினான். விடையளிக்க இயலாது நின்றேன். அவ்விடையை இவ்வெள்ளி விழா மலரில் எழுதுகிறேன்.

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 90ஆம் பாடல் புருஷ சூக்தம். வேள்வியில் பலியிடப்பட்ட ஆதி புருஷனின் வாய் பிராமணன் ஆயிற்று. தோள்கள் அரசன் ஆயின. தொடைகள் வைசியன் ஆயின. பாதங்களினின்று சூத்திரன் தோன்றினான் என்கிறது அது. வாய் உயர்ந்தது, பாதம் தாழ்ந்தது. ஆகவே பிறப்பிலேயே ஏற்றத்தாழ்வு உண்டு என்று பொருள் கூறினர். இக்கதையை ஏற்ற மனு, மற்ற மூவர்க்கும் ஏவல் புரிவதே சூத்திரன் தொழில் என விதித்தார்.

அப்பாடலை மேலும் படித்துப் பார்ப்போம். இரண்டு செய்யுள் கடந்ததும், அதே பாதங்களினின்று பூமி தோன்றிற்று என்று வருகிறது. பூமியைத் தாயென வணங்குவோர், அதே பாதத்தில் பிறந்த மனிதனை இழிந்தவன் என்பது எவ்வகை நியாயம்? தீண்டாமை பற்றியோ அப்பாடலில் ஒரு சொல்லும் இல்லை. ஐந்தாம் வருணம் கிடையாது என்று மனுவே கூறுகிறார். அவ்வாறாயின், நம்மைப் பஞ்சமர் என ஒதுக்கி வைத்தது மனிதர் செயலே அன்றோ?

இவ்வினா பழமையானது. பிராமணர் பிரம்மாவின் வாயில் பிறந்தவர் என்ற வாதத்திற்கு, அவர்களும் தாய் வயிற்றில் பிறந்தவரே எனப் புத்தர் விடையளித்ததாகப் பாலி நூல்கள் கூறும். 1873இல் மகாத்மா பூலே 'குலாம்கிரி' நூலில் இக்கதையை எள்ளி நகையாடினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் 'சூத்திரர்கள் யார்?' என்னும் நூலில், நால்வருணம் கூறும் செய்யுட்கள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்று வாதிட்டார். பள்ளியில் சமஸ்கிருதம் பயில அவருக்கு இடமளிக்கப்படவில்லை. எனினும், ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியே 15 ஆண்டுகள் பயின்று அந்நூலை எழுதியதாக முன்னுரையில் அவரே கூறுகிறார்.

அம்மாணவனுக்கு நான் கூறும் விடை இதுவே: தம்பி, எல்லாரையும் போல நாமும் தாய் வயிற்றில் பிறந்தோம். பிறர் படித்துச் சொன்னதைக் கேட்டே நம் முன்னோர் தலைகுனிந்தனர். இனி நூலை நாமே கையிலெடுத்துப் படிப்போம். நம் கழகம் 25 ஆண்டுகளாக ஆற்றிவரும் பணியும் அதுவே.