வகுப்பறை அவமதிப்பும் நமது வரலாறும்

“ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க.” இந்த அவையில் இருக்கும் நம்மில் பலர், கல்லூரியில் அப்படி எழுந்து நின்றவர்கள். பட்டியலைப் படித்த ஆசிரியர் அதை நிர்வாக வேலை என்றே நினைத்திருப்பார். உடன் படித்தவர்களுக்கோ அன்றைக்கு நம் சாதி தெரிந்துபோனது. வகுப்பறை ஒழுங்கீனம் என்றதும் மாணவர்களை மட்டுமே சுட்டும் பொதுப்புத்தி இதை அவமதிப்பாகக் கணக்கில் வைப்பதில்லை.

1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் அண்ணல் அம்பேத்கர் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். தீண்டப்படாதவருக்கு என்ன தெரியும் என்று மாணவர்கள் தொடக்கத்தில் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய விரிவுரைகள் அந்த அலட்சியத்தை உடைத்தன. பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று வந்து கேட்டார்கள். ஆனால் பேராசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். மாணவர்களின் அலட்சியத்தைப் புலமையால் வென்றவருக்கு, ஆசிரியர் அறையின் தீண்டாமை முன்னால் கொலம்பியாப் பட்டமும் துணைவரவில்லை. அவமதிப்பைத் தனிமனிதத் திறமையால் மட்டும் தீர்த்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார் அவர்.

விடுதலைக்குப் பிறகும் பானை வேறு வடிவங்களில் இருந்தது. தில்லி எய்ம்ஸ் குறித்து 2007இல் அறிக்கை அளித்த தோரட் குழுவிடம், ஆசிரியர்களின் போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 சதவீதத்தினர் கூறினர். 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு சமத்துவ விதிகளைக் கொண்டுவந்தது: ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்புப் பிரிவு, பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர், புகார்மீது 60 நாளில் முடிவு. 2016இல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவையும் 2019இல் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியையும் நாம் இழந்தபோது அவ்விதிகள் ஏட்டில் இருந்தன. அவற்றை நடைமுறைப்படுத்தக் கோரி அவ்விருவரின் தாய்மார்களே உச்ச நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது.

ஆகவே நாம் கேட்பது ஆசிரியரின் கருணையை அல்ல. உதவித்தொகை விவரம் மாணவருக்குத் தனியே தெரிவிக்கப்பட வேண்டும். வகுப்பில் சாதி கேட்பதும் சாதியை வைத்துக் கேலி செய்வதும் குற்றம் என்பதை முதல் நாளே ஆசிரியர் சொல்ல வேண்டும். எழுத்தில் தரும் புகாருக்கு ஒப்புகைச் சீட்டு வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவரின் துறை அதை விசாரிக்கக் கூடாது. நாளை நம் பிள்ளைகள் வகுப்பில் எழுந்து நிற்பது கேள்வி கேட்பதற்காக இருக்கட்டும்.