பாசியின் சுவாசமும் ஹைட்ரஜனும்

குளத்துப் பாசியிலிருந்து வெயில் நேரத்தில் குமிழிகள் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன். சில பச்சைப்பாசிகள் ஹைட்ரஜனையும் வெளியிடும் என்றால் நம்புவீர்களா?

ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற ஹான்ஸ் காஃப்ரான், ஜாக் ரூபின் என்பவருடன் சேர்ந்து 1942-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாகக் கூறினார். செனடெஸ்மஸ் என்னும் பாசியை ஆக்சிஜன் இல்லாத இருட்டில் சில மணி நேரம் வைத்திருந்தால், அது சிறிதளவு ஹைட்ரஜனை வெளியிடும். அதன் மீது ஒளி பட்டால் வேகம் கூடும். ஆனால் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதும் அது நின்றுபோகும்.

காரணம் இதுதான். புரோட்டான்களையும் எலக்ட்ரான்களையும் இணைத்து ஹைட்ரஜனாக்குவது ஹைட்ரஜனேஸ் என்னும் என்சைம். ஆக்சிஜன் பட்டால் அது கெட்டுவிடும். எலக்ட்ரான்களைப் பெற ஒளி நீரைப் பிளக்க வேண்டும். நீரைப் பிளந்தாலோ ஆக்சிஜன் வந்துவிடும்! அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தச் சிக்கல் தீரவில்லை.

2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த மெலிஸும் கொலராடோ மாநில ஆய்வாளர்களும் ஒரு வழி கண்டனர். கிளாமிடோமோனஸ் என்னும் பாசிக்குக் கந்தகச் சத்தை நிறுத்தினர். நீரைப் பிளக்கும் அமைப்பிலுள்ள ஒரு புரதம் ஒளியில் ஓயாமல் சிதைவது; அதைப் புதுப்பிக்கக் கந்தகம் வேண்டும். அது கிடைக்காததால் ஆக்சிஜன் உற்பத்தி படிப்படியாகக் குறைந்தது. சுவாசம் அவ்வளவு குறையவில்லை. உற்பத்தி சுவாசத்தின் அளவுக்கும் கீழே இறங்கியதும், மூடிய குடுவையில் இருந்த ஆக்சிஜன் முழுவதையும் பாசியே சுவாசித்துத் தீர்த்தது. பிறகு ஒளியிலேயே சில நாட்கள் ஹைட்ரஜன் வந்தது.

ஒளிச்சேர்க்கையையும் சுவாசத்தையும் எதிரெதிர்க் கட்டங்களில் எழுதி மனப்பாடம் செய்தவன் நான். சேர்த்ததைச் செலவழிப்பதுதான் சுவாசம் என்றே நினைத்திருந்தேன். இங்கு அந்தச் செலவாளியே என்சைமுக்குக் காவலாக நிற்கிறது!

காவலுக்குக் கூலியும் உண்டு. பாசி சேமித்த மாவுப்பொருளைச் சுவாசம் எரிக்கிறது. அதே மாவுப்பொருளிலிருந்து ஹைட்ரஜனேஸுக்கும் எலக்ட்ரான்கள் வரவேண்டும். 2005-இல் ஜெர்மனி, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சுவாச அமைப்பு மாறிய ஒரு பாசி வகையை ஆராய்ந்தனர். அதில் மாவுப்பொருள் மிகுதியாகச் சேர்ந்தது. ஆக்சிஜன் குறைவாகவே தங்கியது. ஹைட்ரஜனோ இயல்பான பாசியைவிடப் பல மடங்கு வந்தது.

ஆயினும் கந்தகமின்றிப் பட்டினி கிடக்கும் பாசி நெடுநாள் தாங்காது. கந்தகத்தை மீண்டும் கொடுத்துத் தேற்றிய பிறகே அடுத்த சுற்றைத் தொடங்க முடியும்.