தெமோதரை வளையமும் ஒரு தலைப்பாகையும்

பதுளைப் பக்கம் யாரிடம் கேட்டாலும் தெமோதரை ரயில் வளையத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மேலே இருக்கும் பாதையை எப்படிக் கீழே இறக்குவதென்று தெரியாமல் எஞ்சினியர் திகைத்து நிற்கிறார். பக்கத்தில் நின்ற தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக் கட்டுகிறார். துணி ஒரு சுற்றுச் சுற்றித் தன் அடியிலேயே வந்து நுழைவதைப் பார்த்த எஞ்சினியருக்கு வழி பிறந்துவிடுகிறது. அந்த எஞ்சினியர் டி. ஜே. விமலசுரேந்திர என்பது பரவலான பேச்சு. ஸ்பிரிங்வெளியிலும் ஹாலிஎலயிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் இந்தக் கதை எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் அந்த வளையம் ஒரு நொடியில் பளிச்சிட்ட யோசனையால் உருவானது என்பதை நான் ஏற்கவில்லை. பாரவண்டியைத் திருப்பும்போது அவசரப்படக் கூடாது என்ற ஒரு கட்டுப்பாட்டைக் கடைசி மைல் வரை விட்டுக்கொடுக்காமல் காத்ததன் விளைவு அது. கதையை அப்படியே நம்பினால் அந்தக் கட்டுப்பாடும் கண்ணில் படாது, அதற்காக உழைத்தவர்களும் கண்ணில் பட மாட்டார்கள்.

பதுளை இருக்கும் ஊவாவுக்கு ரயில் வந்த வரலாறு காத்திருப்பின் வரலாறு. கொழும்பிலிருந்து புறப்பட்ட பாதை 1867இல் கண்டியைத் தொட்டது. 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. பட்டிப்பொலைக்கு அருகே கடல் மட்டத்திலிருந்து 1,890 மீட்டருக்கும் மேலான உச்சியைக் கடந்து 1893இல் அப்புத்தளையையும் மறு ஆண்டு பண்டாரவளையையும் அடைந்தது. அங்கே நின்றதுதான், பதுளைக்கு வந்து சேர இன்னும் 30 ஆண்டுகள் பிடித்தன. 1924 பெப்ரவரி 5ஆம் தேதிதான் பதுளை ஸ்டேஷன் திறக்கப்பட்டது. ஊவாவின் தோட்டங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வளர்ந்து நின்றவை. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது 1869இல், பதுளைக்கு அப்பால் உள்ள மடுல்சீமையில். அப்போதே அங்கே எவ்வளவு கோப்பி பயிரிடப்பட்டிருந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். கோப்பி போய்த் தேயிலை வந்தது, 1886இல் ஊவா தனி மாகாணமும் ஆனது. இவ்வளவு நடந்த பிறகும் நமுனுகுல மலைச்சரிவுத் தோட்டங்களின் பெட்டிகள் மாட்டுவண்டியையே நம்பியிருந்தன. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் ரயில் பாதையில் சுமார் 20 மைல்தான் தூரம். அந்த 20 மைலுக்கு ஏன் 30 ஆண்டுகள் என்ற கேள்விக்குப் பணமும் அரசின் தயக்கமும் பாதிப் பதில். நடுவில் முதல் உலகப் போரும் வந்துபோனது. மீதிப் பதில் நிலத்தின் சரிவில் இருக்கிறது.

பண்டாரவளை ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பதுளை 650 மீட்டரில். ஆக, 32 கிலோமீட்டருக்குள் 580 மீட்டர் இறங்க வேண்டும். சராசரியாகப் பார்த்தால் 55 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் இறக்கம். மலைநாட்டுப் பாதைக்கு விதிக்கப்பட்டிருந்த உச்ச வரம்பு 44க்கு ஒன்று. அப்படியானால் தாராளமாகப் போதுமே என்று தோன்றும். ஆனால் நிலம் சராசரியாக இறங்குவதில்லை. ஓரிடத்தில் சமமாகப் போய் இன்னோரிடத்தில் திடீரென்று விழும். ஸ்டேஷன் இருக்குமிடத்தில் பாதை மட்டமாக இருந்தாக வேண்டும், அந்தத் தூரத்தில் இறக்கமே கிடைக்காது. வளைவுகளிலோ சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தோடு உரசி எஞ்சினின் இழுவிசையைத் தின்னும், அதனால் அங்கே சரிவையும் குறைத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இலங்கை தன் பிரதான பாதையை 5 அடி 6 அங்குல அகலத்தில் போட்டிருந்தது. டார்ஜிலிங் மலை ரயிலின் தண்டவாள இடைவெளி 2 அடிதான். அதனால் அதன் குட்டி எஞ்சின்கள் 60 அடிக்கும் குறைந்த ஆரத்தில்கூடத் திரும்பிவிடும். மலைநாட்டு அகலப்பாதையில் மிகக் கூர்மையான வளைவுக்கே ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி ஆரம் வேண்டும். அதற்குக் கீழே போனால் வண்டி தடம் புரளும் ஆபத்து உண்டு.

வேறு வழிகளும் இருந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய நீலகிரி ரயில் 12க்கு ஒன்று என்ற செங்குத்தில் ஏறுகிறது. நடுவே பதித்த பல்தண்டவாளத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விப் பிடிப்பதால் அது முடிகிறது. பம்பாய்–பூனா வழியில் போர்காட் மலையில் 1863 முதல் வண்டியை முன்னே ஓட்டி, நிறுத்தி, பின்னே தள்ளி ஏற்றினார்கள். 1929இல் அந்தத் திருப்பு நிலையத்தைக் கைவிட்டார்கள். பல்தண்டவாளம் போட்டால் எஞ்சினையே மாற்ற வேண்டியிருக்கும். நானுஓயாவிலிருந்து ராகலைக்குப் போட்டதுபோல் குறுகிய பாதை போட்டால், ஒவ்வொரு தேயிலைப் பெட்டியையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். ஊவாவுக்கு அந்த இரண்டுமே வேண்டாம் என்று முடிவானது. பதுளையில் ஏற்றிய பெட்டி கொழும்பில்தான் இறங்க வேண்டும். அகலமும் மாறக் கூடாது, 44க்கு ஒன்று என்ற வரம்பும் மாறக் கூடாது என்றால் மிச்சமிருப்பது ஒன்றுதான்: பாதையை நீட்டிக்கொள்வது. தெமோதரையில் செய்தது அதைத்தான். எல்ல பக்கமிருந்து வரும் வண்டி ஸ்டேஷனில் நின்று புறப்பட்டு, குன்றைச் சுற்றி ஏறத்தாழ 900 மீட்டர் ஓடி, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. வரம்புக் கணக்குப்படி 900 மீட்டரில் 20 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கலாம். மேலே நிற்கும் ஸ்டேஷனுக்கும் கீழே ஓடும் சுரங்கத்துக்கும் இடையில் கூரையும் பாறையும் மண்ணும் இருக்க அந்த உயர வித்தியாசம் போதும். தலைப்பாகையைப் பார்க்காமலே, இந்தக் கணக்கிலிருந்தே வளையம் வந்துவிடும்.

வளையம் என்ற உத்தியும் அன்று புதிதில்லை. அமெரிக்காவின் டெஹாச்சப்பி வளையம் 1876இல் முடிந்தது, டார்ஜிலிங் பாதையின் வளையங்கள் 1881 வாக்கில். சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு பாதையில் 1882இலேயே ரயில் மலைக்குள் சுழன்று ஏறியது. 1910களில் ஒரு ரயில்வே எஞ்சினியருக்கு இவை தெரியாதிருக்க வழியில்லை. விமலசுரேந்திரவின் பெயரும் எனக்குச் சந்தேகத்துக்குரியது. அவர் பெரிய மேதை, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் வேலை செய்தது பொதுப்பணித் திணைக்களத்தில். இலங்கையின் நீர்மின்சாரத்துக்கு வித்திட்ட 1918ஆம் ஆண்டுக் கட்டுரைதான் அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. மக்களுக்குத் தெரிந்த ஒரு பெரிய பெயரைத் தெரிந்த ஓர் அதிசயத்தோடு இணைத்துச் சொல்வது ஊர்க்கதைகளின் இயல்பு. எல்லவுக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் இதே கதிதான். உருக்கெல்லாம் போருக்குப் போய்விட்டதால் ஊர்க்காரர் ஒருவர் கல்லையும் செங்கலையும் வைத்துக் கட்டினார் என்பார்கள். இலங்கை எஞ்சினியரிங் சங்கம் 1923இல் வெளியிட்ட கட்டுரையோ அதைக் கான்கிரீட் பாலம் என்றே தலைப்பிட்டு, வரைபடங்களோடு விவரிக்கிறது.

ஊர்க்கதைகளை விட்டு வளையத்துக்கே திரும்புவோம். வளைவில் பாதுகாப்பு என்பது எப்போதும் வேகத்தை முன்கூட்டியே விட்டுவிடுவதில்தான் இருக்கிறது. ஏரியில் விசைப்படகு இழுக்கப் பலகையில் சறுக்கி வருபவர் நீரில் விழுந்ததும், அந்தப் படகை அதே வேகத்தில் சட்டென்று திருப்பினால், படகு எழுப்பிய அலையே விழுந்தவர்மீது போய் மோதும். தேர்ந்த ஓட்டுநர் முதலில் வேகத்தைத் தணிப்பார், பிறகே திருப்புவார், ஆள் தன் கண்ணில் படும் பக்கமாக மெல்ல நெருங்கி எஞ்சினை நிறுத்தி ஏற்றுவார். மலையில் ரயிலுக்கும் இந்த வரிசை மாறாது. இறக்கத்தில் வேகமெடுத்த வண்டியை வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடித்து அடக்க முடியாது. ஸ்டேஷனை வளையத்தின் மேல்முனையில், மட்டமான இடத்தில் வைத்ததன் நன்மை இதில் தெரிகிறது. கீழிறங்கும் வண்டி வேகத்தை முழுவதுமாக விட்டு நின்று, அதன்பிறகே சுற்றத் தொடங்குகிறது. அங்கே இன்னொன்றும் நடக்கும். பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல் பையை ஸ்டேஷன்காரர் சாரதியிடம் நீட்டுவார், சாரதி தாம் கொண்டுவந்த பையைத் திருப்பிக் கொடுப்பார். உள்ளே இருப்பது டேப்லட் என்னும் உலோகத் தட்டு. முன்னே உள்ள ஒற்றைப் பாதையில் இந்த வண்டி மட்டும்தான் போகலாம் என்பதற்கு அதுவே அனுமதி. ஒரு ஸ்டேஷனின் பெட்டியிலிருந்து அது வெளியே வந்துவிட்டால், அது திரும்பப் போடப்படும் வரை அடுத்த ஸ்டேஷனின் பெட்டி இன்னொன்றைத் தராது. தோல் பையும் பிரம்பு வளையமும் பழங்காலத்துச் சாமான்களாகத் தோன்றலாம். ஆனால் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் ஒரே சுரங்கத்துக்குள் நுழையாமல் காப்பவை அவை.

இத்தனை செலவும் சுற்றும் எதற்கு, ரயில் வந்தபோதே லாரியும் வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1894இலேயே பதுளை வரை வந்திருந்தால் தோட்டங்களுக்குக் கிடைத்திருக்கும் லாபம் 1924இல் கிடைக்கவில்லை. ஆனாலும் அதை வைத்து வளையத்தை வீண் என்று சொல்ல முடியாது. தாமதம் முடிவெடுத்தவர்களின் குற்றம், பாதையை வகுத்த முறையின் குற்றமாகாது. செலவைக் குறைக்கச் சரிவைக் கூட்டியிருந்தால், ஒவ்வொரு வண்டியிலும் பெட்டிகளைக் குறைக்க வேண்டும், அல்லது இன்னோர் எஞ்சின் சேர்க்க வேண்டும். ஒருமுறை மிச்சப்படுத்திய பணத்தை என்றென்றும் எரிபொருளாகவும் ஆபத்தாகவும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். துரைமாரின் தேயிலைக்காகப் போட்ட பாதைதான் என்றாலும், லயத்துச் சனங்கள் சாமான்செட்டோடு ஏறி இறங்கும் பாதையாக அது நூறாண்டு நிலைத்ததற்கு அந்தப் பிடிவாதமும் ஒரு காரணம்.

அப்படியானால் கங்காணி கதையைத் தூக்கிப்போட்டுவிடலாமா? கூடாது என்பேன். எஞ்சினியரிங் விளக்கமாக அது நிற்காவிட்டாலும், ஒரு கோரிக்கையாக நிற்கிறது. இந்த மலையை அறிந்தவர்கள் நாங்கள், எங்கள் ஆள் இல்லாமல் இந்தப் பாதை இல்லை என்கிறது அது. பதுளைக்கு ரயில் வந்த 24ஆம் ஆண்டில், 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்று பத்திரம் காட்டி நிரூபிக்கச் சொன்னது. பத்திரம் இல்லாத மக்களுக்குக் கதைதான் சாட்சி. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. கதை கதாநாயகனாக்கியிருப்பது கங்காணியை. அவர் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு வாங்கியவர், தம் கீழிருந்தவர்களைக் கடனால் கட்டி வைத்தவர். கடனைத் தீர்த்தால்தான் ஆளை விடுவிப்போம் என்று எழுதிக் கொடுத்த துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது 1921இல், ஒன்பது வளைவுப் பாலம் முடிந்த அதே ஆண்டில். மலைநாட்டுப் பாதையில் மண்வெட்டி பிடித்தவர்களும் பாறைக்கு வெடிவைத்தவர்களும் சிலிப்பர் கட்டை சுமந்தவர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகளும் சிங்கள உழைப்பாளிகளும்தான். தலைப்பாகைக் கதையில் அவர்களுக்கு இடமில்லை, 1923ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலும் இல்லை. அவர்களைத் தேட வேண்டிய இடம் சம்பளப் பதிவேடுகளும் ஆஸ்பத்திரிக் கணக்குகளும் தோட்டத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளும்தான். தெமோதரை வளையத்தைப் படம்பிடிக்க இன்று உலகமே வருகிறது, அந்தப் பதிவேடுகளைப் புரட்டும் வேலையை மலையகம்தான் செய்ய வேண்டும்.